சால்மன் பிடிக்கப் போகிறீர்களா? முதலில் செலவுக் கணக்கு

கனடாவின் வான்கூவர் பக்கம் சால்மன் மீன் பிடிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் பார்ப்பது தூண்டில் கம்பின் விலையைத்தான், ஆனால் பணத்தை உண்மையில் விழுங்குவது படகு வாடகை, டீசல், வழிகாட்டி, தங்குமிடம் எல்லாம்தான். மொத்தச் செலவை வீட்டுக்கு வரும் கிலோவால் வகுத்தால், கடையில் வாங்குவதே மலிவு என்று தெரியும். மீனுக்காக மட்டும் போகாதீர்கள், ஒரு நாள் கடற்காற்றுக்காகவும் போங்கள்.

குறைந்த செலவில் தொடங்க நல்ல வழி இருக்கிறது. வான்கூவர் பக்கத்து ஃப்ரேசர் ஆற்றுக்குப் பிங்க் என்ற வகைச் சால்மன் கூட்டமாகத் திரும்புவது ஒற்றைப்படை ஆண்டுகளில்தான். அப்போது கோடை முடிகிற சமயத்தில் கரையில் நின்றே, சின்ன இளஞ்சிவப்புச் செயற்கை இரையை வீசிப் பிடிக்கலாம், படகே வேண்டாம். கடலுக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும், சால்மனை வைத்துக்கொள்ள அதோடு தனி முத்திரையும் வாங்க வேண்டும். கொக்கியில் எதிர்முள், அதாவது நுனியில் பின்னோக்கி நீட்டும் சின்ன முள், இருக்கக் கூடாது. எந்த இடம் மீன்பிடிக்கத் திறந்திருக்கிறது என்பது சீசன் நடுவிலேயே மாறும், அதனால் கிளம்பும் அன்று காலையிலும் மீன்வளத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஐஸ் பெட்டியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பிங்க் சால்மன் சதை சீக்கிரம் குழைந்துவிடும். பிடித்ததும் தலையில் ஓங்கித் தட்டி, செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு, உடனே குடலை எடுத்து வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணியுங்கள். அன்றே உப்பும் மிளகும் தடவி வறுத்தால் அந்த ருசி எந்தக் கடையிலும் கிடைக்காது.