இரண்டு பைட் செய்த வேலை

கிளிநொச்சியில் ஒரு சங்கத்தின் கணக்கு மென்பொருளைப் புதுப்பிக்க எடுத்தேன். அதற்குள் ஜேக்வெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் சுருக்கப்பட்ட ('min') கோப்பு ஒன்று. முதல் வரியில் பதிப்பு 3.4.1 என்றுதான் இருந்தது, ஆனால் அந்த வரியை யாரும் மாற்றலாம். அசல்தானா என்று ஷா-256 ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு) எடுத்து, ஜேக்வெரி தளம் தரும் ஹாஷோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

பொருந்தவில்லை. முதல் நாள் வடிவக் குழப்பத்திலேயே போனது: ஒரே ஹாஷை இரண்டு விதமாக எழுதலாம்; ஜேக்வெரி தளம் தருவது பேஸ்64 வடிவம், 44 எழுத்து, என் கணினி காட்டியது ஹெக்ஸ் வடிவம், 64 எழுத்து. ஒரே வடிவுக்கு மாற்றினேன். அப்போதும் வேறுதான். 3.3.1, 3.4.0, 3.5.0 என்று மற்றப் பதிப்புகளோடும் ஒப்பிட்டேன், ஒன்றும் சேரவில்லை. யாரோ உள்ளே கைவைத்துவிட்டார்கள் என்று பயந்தே போனேன்.

மூன்றாம் நாள்தான் கோப்பின் அளவைப் பார்த்தேன். அசலைவிடச் சரியாக 2 பைட் கூட. அந்தக் கோப்பில் வரிகளும் இரண்டுதான்! நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' (Git) மென்பொருள், விண்டோஸ் கணினியில் கோப்பை எடுக்கும்போது, ஒவ்வொரு வரி முடிவிலும் சிஆர் (CR) என்ற ஒரு பைட் வரிமுடிவு எழுத்தைச் சேர்த்திருக்கிறது. திரையில் அது தெரியவே தெரியாது.

டாஸ்டுயுனிக்ஸ் கட்டளையால் அதை நீக்கி மறுபடி ஹாஷ் எடுத்தேன். அச்சொட்டாக 3.4.1. அப்பாடா என்றிருந்தது. அப்புறம் கிட்டின் அமைப்புக் கோப்பான 'கிட் அட்ரிபியூட்ஸ்' (.gitattributes) கோப்பில் அந்த நூலகக் கோப்புறைக்கு 'மைனஸ் டெக்ஸ்ட்' (-text) போட்டுவிட்டேன். இனி கிட் அதன் வரி முடிவுகளைத் தொடாது. ஆனால் பக்கத்துக்குள் அந்நிய நிரலைப் புகுத்த வழிவிடும் எக்ஸ்எஸ்எஸ் (XSS) பாதுகாப்பு ஓட்டை 3.5.0இல்தான் அடைக்கப்பட்டதால், அசல் என்று உறுதியான பிறகும் பதிப்பை மாற்றவேண்டியிருந்தது.