பள்ளிக்காலத் தோழிகள் ஒதுக்கிய வலி: வளர்ந்த பின் அதைக் கையாள்வது எப்படி

மதிய உணவு மணி அடிக்கிறது. வேப்பமரத்தடியில் ஏழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். எட்டாவது பெண் வந்து நிற்கும்போது யாரும் அவளைத் திட்டுவதில்லை. இருவர் மட்டும் முழங்காலைச் சற்றே நகர்த்தி, நடுவில் இருந்த இடத்தை மூடிக்கொள்கிறார்கள். தூரத்தில் நிற்கும் ஆசிரியைக்கு அதில் புகாராக எழுத எதுவும் இல்லை. நேற்றுவரை தன் புளிச்சோற்றைப் பங்கிட்டு உண்டவர்கள் இன்று ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று நிற்பவளுக்கு விளங்குவதும் இல்லை. இது மாதக்கணக்கில் நீளும்போது, அவள் நாற்பது வயதைத் தொட்ட பிறகும் அதன் பாதிப்பு தங்கியிருக்கக்கூடும். அப்படி இன்னும் அதைச் சுமந்துகொண்டிருக்கும் பெண்களுக்காக எழுதப்பட்டது இந்த வழிகாட்டி.

நடந்தது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

'சின்ன வயசில் எல்லாருக்கும் நடப்பதுதானே' என்று வீட்டார் சொல்லியிருப்பார்கள். நீங்களும் அதையே உங்களுக்குச் சொல்லிவந்திருப்பீர்கள். இன்று 'கா' விட்டு நாளை 'பழம்' விடுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். அதையும் துன்புறுத்தலையும் பிரித்துப் பார்க்க, நார்வே உளவியலாளர் டான் ஓல்வியஸ் வகுத்த மூன்று கேள்விகள் போதும்: வேண்டுமென்றே செய்தார்களா, திரும்பத் திரும்ப நடந்ததா, எதிர்த்து நிற்க முடியாத அளவுக்கு அவர்கள் பக்கம் பலம் இருந்ததா? பெண்பிள்ளைகளிடையே அந்தப் பலம் பெரும்பாலும் ஆள்பலம்தான். 'அவளோடு பேசினால் உன்னோடும் பேச மாட்டோம்' என்ற ஒற்றை மிரட்டல் வகுப்பு முழுவதையும் கட்டிப்போட்டுவிடும். நிறம், பல் வரிசை, எண்ணெய் வழியும் தலை, அப்பாவின் தொழில், சாதி, மற்றவர்களுக்கு முன்பே வயதுக்கு வந்தது என எதுவும் பட்டப்பெயருக்குக் காரணமாகலாம்.

பின்லாந்தின் கிர்ஸ்டி லாகர்ஸ்பெட்ஸும் காய் பியோர்க்விஸ்டும் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வு, கோள் சொல்லுதல், பழிதீர்க்க வேறொருத்தியோடு நட்பாகிவிடுதல் போன்ற மறைமுகத் தாக்குதல்களைப் பெண்பிள்ளைகளிடம் கூடுதலாகக் கண்டது. ஆண்பிள்ளைகளும் இதைச் செய்கிறார்கள், வேறுபாடு முதலில் கருதிய அளவு பெரிதன்று என்று பிற்கால ஆய்வுகள் திருத்தின. ஆனாலும் ஒன்று மாறவில்லை: இங்கே ஆயுதமாகப் பயன்படுவது நட்பு. ஆகவே காயமும் பிற்காலத்தில் நட்பு தேவைப்படும் இடங்களிலேயே வலிக்கிறது.

1958-இல் பிரிட்டனில் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை வாழ்நாள் முழுவதும் தொடரும் ஆய்வொன்று உண்டு. அதில் 7, 11 வயதுகளில் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களின் பிற்கால நிலையை, 7,771 பேரின் தகவல்களைக் கொண்டு ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அடிக்கடி துன்புறுத்தப்பட்டவர்களிடம் நடுவயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. உறவுகளும் பொருளாதார நிலையும்கூடச் சற்றுத் தாழ்ந்தே இருந்தன. இருபாலரையும் சேர்த்த கணக்கு இது. எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று பொருளில்லை. 'இவ்வளவு காலம் கழித்தும் இதை நினைக்கிறேனே' என்று வெட்கப்படத் தேவையில்லை என்பதற்கு இது போதுமான சான்று.

எழுதிப் பாருங்கள்

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் பிரபலமாக்கிய முறை எளிது: அடுத்தடுத்து மூன்று அல்லது நான்கு நாள்கள், நாளுக்குப் பதினைந்து இருபது நிமிடம், எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலைப்படாமல், வேறு யாரும் படிக்கப்போவதில்லை என்ற உறுதியோடு எழுதுவது. எழுதி முடித்ததும் மனம் கனப்பது இயல்பு. கனம் குறையாமல் கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு, கீழே சொல்லியுள்ள உதவியை நாடுங்கள்.

எழுதும்போது, துன்புறுத்தியவளை மட்டும் எழுதாமல், அந்த வகுப்பில் இருந்த ஒவ்வொருவரும் அப்போது என்ன செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். பின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவருடைய குழுவினரும் 1996-இல் காட்டியபடி, ஒரு வகுப்பில் இது நடக்கும்போது முன்னின்று செய்பவர், அவருக்குக் கைகொடுப்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், காப்பாற்ற வருபவர் என்று பலர் இருக்கிறார்கள். 'எட்டாம் வகுப்பே என்னை வெறுத்தது' என்று இருபத்தைந்து ஆண்டுகளாக நம்பிவரும் ஒருவர் பெயர் பெயராக எழுதிப் பார்த்தால், முன்னின்று செய்தவர்கள் இரண்டு மூன்று பேர், பயந்து வாய்மூடி நின்றவர்கள் இருபது பேர், யாருக்கும் தெரியாமல் கணக்கு நோட்டைக் கொடுத்து உதவியவள் ஒருத்தி என்று அந்தக் கூட்டம் பிரிந்து நிற்கக்கூடும். நடந்த கொடுமை இதனால் சிறிதாகிவிடாது. ஆனால் 'எல்லோரும்' என்ற சொல் உடையும்.

இன்றைய சூழலில் பழைய பயத்தைக் கண்டுபிடியுங்கள்

அலுவலகத்தில் மூன்று பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் நுழைந்ததும் பேச்சு நிற்கிறது. புகுந்த வீட்டில் நாத்தனாரும் ஓரகத்தியும் அடுப்படியில் குரலைத் தாழ்த்துகிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் உங்கள் செய்திக்கு மட்டும் பதில் வரவில்லை. இத்தகைய நேரங்களில் ஒரு தாளை இரண்டாக மடித்து, இடப்பக்கம் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். வலப்பக்கம் அதிலிருந்து நீங்கள் முடிவுகட்டியதை எழுதுங்கள். 'பேச்சு நின்றது' இடப்பக்கத்துக்கு உரியது. 'என்னைப் பற்றித்தான் பேசினார்கள்' வலப்பக்கத்துக்கு உரியது. பிறகு வலப்பக்கத்தில் உள்ளதைச் சிறிய அளவில் சோதித்துப் பாருங்கள். 'நாளைக்குச் சாப்பிடப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள்' என்று சொல்லிப் பார்ப்பது ஒரு சோதனை.

பலரிடம் வேரூன்றியிருக்கும் பழக்கம், அவர்கள் ஒதுக்குவதற்கு முன்னால் தாமே ஒதுங்கிக்கொள்வது. அழைப்பு வந்தாலும் 'வேலை இருக்கிறது' என்பார்கள். நான்கு முறை அப்படிச் சொன்ன பிறகு ஐந்தாம் முறை அழைப்பு வராது. பழைய நம்பிக்கை மறுபடியும் உறுதிப்பட்டுவிடும். ஆகவே அடுத்து வரும் அழைப்பொன்றை, அரை மணி நேரத்துக்கு மட்டுமாவது ஏற்றுக்கொள்ளுங்கள். சில அலுவலகங்களில் உண்மையிலேயே திட்டமிட்டு ஒதுக்குகிறார்கள். அங்கே தாளின் இடப்பக்கமே நிறைந்துகொண்டு போகும். அதைத் தேதியோடு வைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் பேசுங்கள்.

புதிய நட்புக்குப் பெரிய கூட்டத்தில் போய் நிற்பது கடினமான வழி. பாட்டு வகுப்பு, நடைப்பயிற்சி, தையல் வகுப்பு போல எல்லோருடைய கவனமும் ஒரு வேலையின்மேல் இருக்கும் இடத்தில் ஒரே ஒருவரோடு பழகத் தொடங்குங்கள். அன்று நம்பிச் சொன்ன ரகசியமே உங்களுக்கு எதிராகத் திரும்பியிருந்தால், முதலில் வெளியே தெரிந்தாலும் பாதகமில்லாத சிறிய செய்தி ஒன்றைச் சொல்லி, அதை அவர் எப்படிக் காக்கிறார் என்று பாருங்கள்.

பழைய மாணவியர் குழு

என்றாவது ஒரு நாள், 'நம்ம பேட்ச்' என்ற பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழு உங்களைச் சேர்த்துக்கொள்ளும். இடத்தை மூடிக்கொண்டவளே பூங்கொத்துப் படத்தோடு காலை வணக்கம் அனுப்புவாள். உடனே விலகவும் வேண்டாம், உடனே உருகவும் வேண்டாம். அறிவிப்பு ஒலியை நிறுத்திவிட்டுச் சில வாரங்கள் கவனியுங்கள். சந்திப்புக்குப் போவதானால் நம்பகமான ஒருத்தியோடு சேர்ந்து போங்கள், திரும்புவதற்கு உங்களுக்கென்று வண்டி வைத்துக்கொள்ளுங்கள். மன்னித்துவிடு என்ற அறிவுரை இந்த விஷயத்தில் அவசரமாகவே வழங்கப்படுகிறது என்பது என் கருத்து. மன்னிக்காமலேயே நிம்மதியாக வாழ்பவர்கள் உண்டு.

அன்று முழங்காலை நகர்த்தியவர் நீங்களாக இருந்தால், செய்தது இன்னதென்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அவளுக்கு ஒரு முறை எழுதுங்கள், பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

எப்போது மருத்துவ உதவி

தூக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டிருந்தாலும், பெண்கள் கூடும் இடத்தைத் தவிர்ப்பதற்காகவே வேலையையோ விசேஷங்களையோ விட்டுக்கொண்டிருந்தாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு முறை வந்தாலும் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். இந்தியாவில் 2022 அக்டோபர் முதல் இயங்கும் தொலைபேசிவழி மனநலச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைக்கலாம்; இலங்கையில் 1926.

மகளுக்கு இது நடந்தால்

'அம்மா, யாரும் என்னோடு பேச மாட்டேங்கறாங்க' என்று மகள் சொல்லும்போது, உங்கள் நெஞ்சில் அடிப்பது பெரும்பாலும் உங்கள் எட்டாம் வகுப்பு. உங்கள் கதையை அப்போது சொல்லத் தொடங்காதீர்கள். அவளை ஒதுக்கும் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போடுவதையும் அன்றிரவு தவிர்த்துவிடுங்கள். யார், எப்போதிலிருந்து, சாப்பாட்டு நேரத்தில் எங்கே உட்காருகிறாய், பஸ்ஸில் பக்கத்தில் யார் என்று கேட்டு, அவள் சொல்வதை நாள்வாரியாகக் குறித்துக்கொண்டு வகுப்பாசிரியையைச் சந்தியுங்கள். 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும். செயல்திட்டக் குழுக்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க விடாமல் ஆசிரியையே பிரிக்க வேண்டும், இருக்கைகளை மாதந்தோறும் மாற்ற வேண்டும், சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பலனில்லாவிட்டால் தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய உதவி எண்களில் முறையிடலாம்.