கள்ளிச்செடியில் இருப்பது பஞ்சா, பூச்சியா?

மாமிலேரியா மாதிரி மெதுவாக வளரும் கள்ளிகளில் மாவுப்பூச்சி வந்தால் சட்டென்று தெரியாது. முள்ளடியில் இயல்பாகவே வெள்ளைப் பஞ்சு இருக்கும், பூச்சியும் அதே நிறம். பல்குத்தும் குச்சியால் லேசாகக் கிளறுங்கள். பிசுபிசுவென்று நசுங்கினால் பூச்சிதான். தொட்டியில் எறும்பு ஏறினாலும் சந்தேகப்படலாம்.

70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து, பூச்சிமேல் தொட்டு வையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். முட்டைகள் தப்பிவிடும், அதனால் வாரம் ஒருமுறை, நாலைந்து வாரம்.

மேலே ஒன்றுமே இல்லை, ஆனாலும் செடி சுருங்குகிறதா? தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, வேரைக் கழுவிக் காயவைத்து, புது மண்ணில் நடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். அப்புறம், சீக்கிரம் வளரட்டும் என்று யூரியா போடாதீர்கள். இளசான சதையைத்தான் இந்தப் பூச்சி தேடி வரும்.