கல்லூரி அசைன்மென்டுக்கு அழகு இதழ் செய்யப்போகிறீர்களா? முதலில் முகத்தை முடிவு செய்யுங்கள்

மாஸ் காம் படித்தாலும் சரி, கிராஃபிக் டிசைன் படித்தாலும் சரி, ஏதாவது ஒரு செமஸ்டரில் 'ஓர் இதழைத் திட்டமிட்டு முழுசாகத் தயாரித்துக் கொண்டு வா' என்று ஓர் அசைன்மென்ட் வந்தே தீரும். பாதிப் பேர் சாப்பாட்டை எடுப்பார்கள், கொஞ்சம் பேர் பயணம், மிச்சம் இருப்பவர்கள் அழகு. அழகை எடுக்கிறவர்கள் வழக்கமாகச் செய்வது என்னவென்றால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அட்டையில் போட்டு, உள்ளே 'பளபளப்பான சருமத்துக்கு 10 வழிகள்' என்று நிரப்பிக் கொடுத்துவிடுவது. பாஸ் ஆகிவிடலாம்தான். ஆனால் கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து எல்ஆர்டி ரயில் பிடித்து வகுப்புக்கு வரும் மாநிறத் தங்கச்சிக்கு அதில் ஒரு வரிகூட உதவாது.

அதனால் பெயர், அட்டை, எழுத்துரு எதையும் தொடுவதற்கு முன்னால் இது யாருடைய முகத்துக்கான இதழ் என்று முடிவு செய்யுங்கள். '18 முதல் 35 வயதுப் பெண்கள்' என்று ப்ரபோசலில் எழுதுவது பதில் ஆகாது, அந்தக் கணக்கில் பாதி ஊரே வந்துவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: வயது 20, பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள், மாநிறம், மத்தியானத்துக்குள் மூக்கில் எண்ணெய் வழிந்துவிடும், மேக்கப்புக்கு மாதம் 50 ரிங்கிட்டுக்கு மேல் எடுக்க முடியாது, முழு அலங்காரம் தீபாவளிக்கும் அக்கா கல்யாணத்துக்கும் மட்டும். இவ்வளவு தெரிந்துவிட்டால் விலை உயர்ந்த சீரம் பற்றிய கட்டுரை தானாகவே விழுந்துவிடும், அட்டையில் யார் இருக்க வேண்டும் என்பதிலும் குழுவுக்குள் சண்டை வராது.

விரிவுரையாளர் கருத்தாய்வு கேட்பார். கூகள் ஃபார்மில் ஆமாம், இல்லை என்று கேட்டால் யாருக்கும் எதுவும் தெரியவராது. அதற்குப் பதிலாகத் தோழிகள் பதினைந்து இருபது பேரிடம் மேக்கப் பையைக் கட்டில்மேல் கவிழ்த்து ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், கூடவே 'வாங்கிவிட்டு ஒரே தடவை போட்டது எது, ஏன் நிறுத்தினாய்' என்று ஒரு கேள்வி. பொருத்தமில்லாத நிறத்தில் வாங்கிய ஃபவுண்டேஷன் எத்தனை பைகளில் கிடக்கிறது என்று எண்ணுங்கள், உங்கள் முதல் கட்டுரை அங்கேயே கிடைத்துவிடும்.

அப்புறம் பக்கங்கள். நடுவில் கம்பி அடித்துத் தைக்கிற இதழ் என்றால் மொத்தப் பக்கம் நாலால் வகுபட வேண்டும்: 16, 20, 24. 22 பக்கம் என்று யாராவது சொன்னால் இன்னும் காகிதத்தை மடித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். என் கணக்கில் நாலு பேர் குழுவுக்கு அட்டையோடு சேர்த்து 20 போதும். ஐந்து ஏ4 தாள்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒரு டம்மி செய்யுங்கள், பென்சிலால் ஒவ்வொரு பக்கத்திலும் என்ன வரும் என்று எழுதுங்கள். ஒற்றைப்படைப் பக்கம் எப்போதும் வலப்பக்கம் விழும், புரட்டும்போது கண் முதலில் அங்கேதான் போகும், அதனால் கட்டுரை தொடங்கும் பக்கங்களையும் நல்ல படங்களையும் அங்கே வையுங்கள். 10, 11 இரண்டும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் வரும் நடுப்பக்கங்கள். இரண்டு பக்கத்தையும் நிரப்பும் பெரிய படம் ஒன்று இருந்தால் அங்கே போடுங்கள், வேறு இடத்தில் போட்டால் இரண்டு தாளும் சேரும் இடத்தில் மூக்கு கொஞ்சம் விலகித் தெரியும். அந்த டம்மியைத் தூக்கிப் போடாதீர்கள், ரிப்போர்ட்டில் இணைத்தால் மதிப்பெண்.

மாதிரிக்கு நாலைந்து இதழ்களைப் புரட்ட வேண்டும் என்றால் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போய் உட்காருங்கள். கட்டுரைகளைப் படிப்பதைவிட, விளம்பரத்துக்கு எத்தனை பக்கம், படத்துக்கு எத்தனை, எழுத்துக்கு எத்தனை என்று எண்ணுவதுதான் வேலை.

உள்ளே என்ன போடுவது? இந்த ஊரிலேயே இவ்வளவு விஷயம் கொட்டிக் கிடக்கும்போது பாரிஸ் ஃபேஷன் வாரம் எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை. பிரிக்பீல்ட்ஸில் நூல் போட்டுப் புருவம் எடுக்கும் ஆன்ட்டி ஒருவரிடம் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய், 'உங்கள் அழகு ரகசியம் என்ன' என்று கேட்காமல், எந்த முகத்துக்கு எந்த வளைவு, எந்தப் புருவத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார் என்று கேளுங்கள். ஆண்களுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள், தாடியைச் செதுக்க முடிதிருத்தும் கடையில் காத்திருக்கும் தம்பிகளும் வாசகர்கள்தான். மலாய்க்காரர்களும் பெரனாக்கான் குடும்பங்களும் அரிசியை ஊறவைத்துச் செய்யும் பெடாக் செஜுக் என்னும் முகப்பூச்சையும் நம் வீட்டு நலங்கு மாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் செய்யலாம். தீபாவளி நெருங்கும் செமஸ்டர் என்றால் மருதாணியைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். உண்மையான மருதாணி முதலில் ஆரஞ்சாகப் பிடித்து ஓரிரு நாளில் செம்பழுப்பாக மாறும், வைத்த கொஞ்ச நேரத்தில் கன்னங்கரேலென்று வந்தால் தலைச்சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற பொருள் கலந்திருக்கலாம், அது சிலருக்குக் கொப்புளமே போட்டுவிடும்.

சன்ஸ்கிரீன் பற்றி எழுதினால் எஸ்பிஎஃப் 30 வெயிலின் யுவிபி கதிரில் சுமார் 97 விழுக்காட்டையும் 50 சுமார் 98 விழுக்காட்டையும் தடுக்கும் என்பதோடு நிறுத்தாதீர்கள், உங்கள் வாசகியின் கேள்வி அது இல்லை. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு போட்ட க்ரீம் மாநிறத்தில் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துத் தெரியும், எது தெரியாது என்பதுதான் அவளுக்கு வேண்டும். நாலு க்ரீம் வாங்கி (பங்கு போட்டு வாங்குங்கள்), மூன்று வெவ்வேறு நிறக் கைகளில் பட்டையாகத் தடவி, ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்தால் அதுவே இரண்டு பக்கம்.

வெள்ளையாக்கும் க்ரீம்கள் விஷயத்தில் இதழின் நிலை என்ன என்பதை ஆசிரியர் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இந்தியாவில் தலைமுறை தலைமுறையாக விற்ற ஒரு பிரபலமான க்ரீமே 2020-இல் 'ஃபேர்' என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டது, நீங்கள் இன்னும் 'சிவப்பழகு' என்று தலைப்புப் போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். இன்ஸ்டாகிராமிலும் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் விற்கும் க்ரீம் எதையாவது பரிந்துரைக்க நினைத்தால் டப்பாவைத் திருப்பி, 'என்ஓடி' என்று தொடங்கி 'கே' என்று முடியும் அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த எண்ணை என்பிஆர்ஏ என்னும் மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையதளத்தில் தேடுங்கள். ஒன்றைத் தெளிவாக எழுதுங்கள்: அந்த எண் இருந்தால் விற்கும் கம்பெனி பொருளை அங்கே பதிந்திருக்கிறது என்று அர்த்தம், அரசாங்கம் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தது என்று அர்த்தம் இல்லை. பாதரசம், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின் கலந்திருப்பதாகக் கண்டுபிடித்து அறிவிப்பு ரத்து செய்யப்பட்ட க்ரீம்களின் பெயர்களும் அங்கேயே வெளியிடப்படுகின்றன. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்த ஒரு பக்கத்துக்காகவே உங்கள் இதழை யாராவது வீட்டில் எடுத்து வைப்பார்கள்.

சரி, படம். இதில்தான் பெரும்பாலான மாணவர் இதழ்கள் விழுகின்றன. கேமரா தான் பார்ப்பது எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு ஒளியை அளக்கும். வெள்ளைச் சுவர் முன்னால் மாநிறப் பெண்ணை நிறுத்தினால் சுவரைப் பார்த்து ஒளியைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். கறுத்த முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்தால் தலைகீழ், ஒளியைக் கூட்டிப் பழுப்பை வெளுப்பாக்கிவிடும். ஃபோனில்கூட முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்தபின் விரலை மேலேயோ கீழேயோ இழுத்து வெளிச்சத்தைத் திருத்தலாம், கன்னத்தின் நிறம் நேரில் இருப்பதுபோல் வரும்வரை திருத்துங்கள். பியூட்டி ஃபில்டர் ஆஃப். சில ஃபோன்களில் அது சொல்லாமலே ஆன் ஆகியிருக்கும், செட்டிங்கில் போய்ப் பாருங்கள்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வெறும் மூன்று டிகிரி வடக்கே இருக்கிறது, மத்தியான வெயில் நேரே உச்சந்தலையில் இறங்கிக் கண்ணுக்குக் கீழே பள்ளம் பள்ளமாக நிழல் போடும், எவ்வளவு கன்சீலர் போட்டாலும் அந்த நிழல் போகாது. காலையில் ஒன்பதரைக்குள், இல்லாவிட்டால் ஐந்தரைக்குமேல். மழை வந்துவிட்டால் கடைகளின் முன்னால் கூரைக்குக் கீழே இருக்கும் ஐந்தடி நடைபாதையில் நின்று வெளியே பார்த்து எடுங்கள், வெள்ளை மணிலா அட்டை ஒன்றை நெஞ்சுக்குக் கீழே பிடித்தால் போதும், ஸ்டூடியோ விளக்கு தேவையில்லை. இடம் என்று பார்த்தால் எல்லாரும் பத்துமலைக்குத்தான் ஓடுவார்கள். அந்த 272 படிகளுக்கு 2018-இல் வண்ணம் அடித்த பிறகு அதன் முன்னால் யாரை நிறுத்தினாலும் படிதான் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. மஸ்ஜித் இந்தியா பக்கம் புடவைக்கடையில் கேட்டுக்கொண்டு ஒற்றை நிறப் புடவை அடுக்குக்கு முன்னால் எடுங்கள், பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளும் நல்ல இடம். பேரங்காடிக்குள் கேமராவும் ரிஃப்ளெக்டருமாக நின்றால் பாதுகாவலர் வந்து கேட்பார், முன்கூட்டியே கடிதம் கொடுங்கள்.

படத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் எங்கே, எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 18 வயது ஆகாதவர் என்றால் அம்மா அப்பா கையெழுத்து. பின்டரெஸ்ட்டில் கண்டது, யாரோ மேக்கப் அக்கா பக்கத்தில் கண்டது எதையும் எடுத்துப் போடாதீர்கள், 1987-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மாணவர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. விளம்பரப் பக்கத்துக்கும் பெரிய நிறுவனத்தின் விளம்பரத்தைத் திருடி ஒட்ட வேண்டாம், வீட்டிலிருந்தே மணப்பெண் அலங்காரம் செய்யும் அக்கா ஒருவருக்குக் கால் பக்கம் இலவசமாக வடிவமைத்துக் கொடுங்கள். அந்த விளம்பரத்தில் 'முகப்பரு குணமாகும்' என்று எழுதச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள், குணப்படுத்துவது மருந்தின் வேலை, அழகுப் பொருள் அப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. வகுப்பைத் தாண்டி இதைத் தொடர்ந்து அச்சிட்டு விற்கும் யோசனை வந்தால் 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி உள்துறை அமைச்சின் பெர்மிட் விஷயத்தை முதலில் பாருங்கள்.

வடிவமைப்பில் தமிழுக்கென்று சில தலைவலிகள் உண்டு. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அப்படியே ஒட்டினால் 'கொ', 'கை' எல்லாம் கொம்பு ஓரிடம் எழுத்து ஓரிடமாகச் சிதறும், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி பாரக்ராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரையை யாராவது கொடுத்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தொடுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் போன்ற எழுத்துருக்கள் இலவசம். மேக் வைத்திருப்பவர்களிடம் இணைமதி ஏற்கெனவே இருக்கும், அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் ஊர்க்காரர். ஆங்கில இதழைப் பார்த்துப் பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரிக்காதீர்கள், தமிழ்ச் சொல் நீளம், ஒடுங்கிய பத்தியில் இரண்டு பக்கமும் நேராக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். ஏ4-இல் இரண்டு பத்தி, இடப்பக்கம் மட்டும் நேர், வரிக்கு வரி இடைவெளி எழுத்தளவில் ஒன்றரை மடங்கு. 'கீ' மேலே ஏறும், 'கூ' கீழே இறங்கும், நெருக்கினால் முட்டிக்கொள்ளும். அட்டைத் தலைப்பை முகம் கொஞ்சம் மறைப்பது அழகுதான், புள்ளியையும் சுழியையும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குப் போகும் ஃபைல் சிஎம்ஒய்கே (சயான் என்ற நீலம், மெஜன்டா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை), படம் 300 டிபிஐ, நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது போய்விடும் ஓரம்), எழுத்துருக்கள் உள்ளேயே பதிந்த பிடிஎஃப். இதெல்லாம் கடைக்காரரே சொல்லுவார். அவர் சொல்லாதது, திரையில் நன்றாக இருந்த பழுப்பு முகம் தாளில் என்ன ஆகும் என்பது. சயான் கூடினால் தோல் சாம்பலடித்துப் போகும், மெஜன்டா கூடினால் வெயிலில் கன்றியதுபோல் சிவக்கும். மாநிறத்தில் மஞ்சள் மெஜன்டாவைவிடக் கொஞ்சம் தூக்கலாக, சயான் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில் வைத்துத் தொடங்குங்கள், பிறகு கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். மினுமினுப்பில்லாத சாதாரணத் தாள் மையை உறிஞ்சி எல்லாவற்றையும் இன்னும் ஒரு படி இருட்டாக்கும், உள்ளே 128 கிராம் ஆர்ட் பேப்பர், அட்டைக்கு 260 கிராம் ஆர்ட் கார்டு என்று கேட்டால் எந்தக் கடையிலும் புரியும். பத்துப் பிரதிக்கு டிஜிட்டல் அச்சு போதும், ஆஃப்செட் எல்லாம் நூற்றுக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும்.

முழு இதழையும் கொடுப்பதற்கு முன்னால் அட்டையையும் நடுப்பக்கத்தையும் மட்டும் அதே தாளில் ஒரு பிரதி அடித்து வாங்கி, படத்தில் இருக்கும் பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிறம் பிசகியிருந்தால் திருத்தி மறுபடியும் ஒன்று அடியுங்கள். இதற்குக் குறைந்தது இரண்டு நாள் வேண்டும், அதனால் சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒரு வாரத்துக்கு முன்பே ஃபைல் தயாராகிவிட வேண்டும் என்று இப்போதே குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். அடிக்கும்போது மதிப்பெண்ணுக்கு வேண்டியதைவிட மூன்று நாலு பிரதி கூடுதலாக அடித்து, பேட்டி கொடுத்த ஆன்ட்டிக்கும் படத்துக்கு நின்றவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள்.