சாமுவேல் பால்மர் வழியில் ஒரு செப்பியா ஓவியம்: செய்முறை விளக்கம்

1825-இல் ஆங்கிலேய ஓவியர் சாமுவேல் பால்மர் வரைந்த ஆறு செப்பியா (பழுப்பு மை) ஓவியங்கள் ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அப்போது அவருக்கு வயது 20. அந்தப் பழுப்பு ஒளியைத் தாளில் கொண்டுவர நான் பழகிய வழியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு மாதிரி வேண்டும். ஆறில் 'தானியம் செறிந்த பள்ளத்தாக்கு' என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பு பைபிளின் 65-ஆம் சங்கீதத்திலிருந்து (துதிப்பாடல்) வந்தது. விளைந்த வயலில் ஒருவர் சாய்ந்து படுத்துப் புத்தகம் படிக்கிறார். பின்னால் பெரிய முழுநிலா. தேவதூதரும் இல்லை, ஒளிவட்டமும் இல்லை. பக்தி முழுவதும் கோட்டில்தான் இருக்கிறது: கதிருக்கு ஒரு விதம், இலைக்கு ஒரு விதம் என்று எதையும் அவசரமாகக் கடக்காத கை. வரைய உட்காருமுன் அந்தச் சங்கீதத்தைப் படித்துவிடுங்கள். எதைக் கொண்டாடினார் என்று தெரியாமல் கோட்டை மட்டும் பின்பற்றினால் படம் வெறும் அலங்காரமாகிவிடும்.

தாள் சிறியதாக இருக்கட்டும். பால்மரின் படமே ஏறக்குறைய 18 செ.மீ. உயரம், 27 செ.மீ. அகலம்தான். 1824-இல் அவர் சந்தித்த கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக், ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் பள்ளிப் பதிப்பு ஒன்றுக்காகச் செய்திருந்த குட்டி மரச்செதுக்குப் படங்கள் பால்மரை ஆட்கொண்டிருந்தன. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, வழவழப்பான 'ஹாட் பிரஸ்' தாள் வாங்குங்கள். சொரசொரப்பான தாளில் நுண்கோடு உடையும்.

பென்சிலில் மலை, நிலா, வயலின் எல்லை மட்டும் லேசாகப் போதும்.

அடுத்து மை. செப்பியா என்பது முதலில் கணவாய் மீனின் மையிலிருந்து எடுத்த நிறம். இப்போது அதே பெயரில் கிடைக்கும் வாட்டர்கலர் ட்யூபே போதும். பால்மர் இதில் கருவேலம்பிசின் கலந்தார். இருட்டான இடங்களின் ஆழமும் மினுமினுப்பும் அதனால் வந்தவை. கடையில் 'கம் அரபிக்' என்று கேளுங்கள். கரைத்த நிறத்தில் சில சொட்டு போதும். அதிகமானால் காய்ந்தபின் வெடிக்கும்.

இனி வரும் படியில்தான் பலரும் தடுக்கி விழுவார்கள். பிசின் கலந்த நிறம் காய்ந்தாலும் ஈரம் பட்டால் மறுபடி கரையும். இரண்டாம் பூச்சில் தூரிகையைத் தேய்த்தால் அடியில் இருப்பதும் கிளம்பி எல்லாம் சேறாகிவிடும். அதனால் முதல் பூச்சை வெளிறிய நிறத்தில், பிசின் இல்லாமல் போடுங்கள். நன்றாகக் காயட்டும். அப்புறம் பிசின் கலந்த கெட்டி நிறத்தைத் தூரிகை நுனியால் ஒரே தொடுதலில் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் அந்த இடத்தைத் திரும்பத் தொடாதீர்கள். நிலாவையும் கதிர்களின் வெளிச்சத்தையும் தாளின் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். பின்னால் வெள்ளை பூசினால் அந்த ஒளி வராது.

பால்மர் பேனாவும் பயன்படுத்தினார். தொடக்கத்தில் 0 எண் வட்டத் தூரிகையே நல்லது என்பேன், எஃகு நிப் ஈரத்தாளைக் கிழித்துவிடும். கதிர்களை ஒரே அச்சில் நிரப்பாமல் ஒவ்வொன்றின் சாய்வையும் பார்த்து வரையுங்கள். வேலை மெதுவாகத்தான் நகரும். அந்த நிதானம் இல்லாமல் இந்தப் படம் இல்லை.

பின்சேர்க்கை: வார்னிஷ் பூசியதும் எல்லாம் கலைந்துவிட்டதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். பால்மரும் வார்னிஷ் பூசியவர்தான், ஆனால் நீரில் கரையும் வார்னிஷைத் தூரிகையால் தடவினால் பிசின் இளகும். ஸ்ப்ரே வார்னிஷ் வாங்கி, ஜன்னலைத் திறந்துவைத்து, தூரத்திலிருந்து மெல்லிய படலமாக அடியுங்கள். ஒன்று காய்ந்தபின் அடுத்தது. முதலில் வேறொரு துண்டுத் தாளில் அதே கலவையைப் பூசிச் சோதித்துக்கொள்ளுங்கள்.