எலும்புக்குக் கால்சியம் மாத்திரை மட்டும் போதுமா? கொள்ளும் கொய்யாவும் செய்கிற வேலை

கால்சியம் வந்து படிய எலும்பில் முதலில் ஒரு சட்டம் வேண்டும். எலும்பில் தாது நீங்கலான கரிமப் பொருளில் சுமார் 90 சதவீதம் கொலாஜன் என்ற புரதம். அதுதான் அந்தச் சட்டம். மூன்று புரதச் சங்கிலிகள் முப்புரிக் கயிறுபோல முறுக்கிக்கொண்டு அது உருவாகிறது. முறுக்கு நிலைக்க வேண்டுமானால் சங்கிலியிலுள்ள புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணை) சேர வேண்டும். சேர்ப்பது புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி. அதுவும் ஒரு புரதம்தான். அதன் நடுவிலுள்ள இரும்பு வேலை செய்யும் நிலையில் இருக்க வைட்டமின் சி தேவை. சி இல்லாவிட்டால் உடல் சூட்டிலேயே புரி பிரிந்துவிடும். வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் ஈறில் ரத்தம் கசிவதற்கும் இதுவே காரணம். முறுக்கு கலையாமல் பிடித்துக்கொள்ளும் எச்.எஸ்.பி.47 என்ற புரதம் பிறவியிலேயே பழுதானால் எலும்பு எளிதில் முறியும். அதற்குச் சாப்பாட்டில் மருந்தில்லை. புரதக் குறைக்கும் சி குறைக்கும் உண்டு.

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். 50 கிராம் கொள்ளில் ஏறக்குறைய 11 கிராம் கிடைக்கும். இரவே ஊறப்போட்டு, விரலால் நசுக்கினால் மசியும் பதத்துக்குக் குக்கரில் வேகவிடுங்கள். வடித்த தண்ணியில் ரசம் வைத்துக் குடித்துவிட்டு வெந்த கொள்ளை மாட்டுக்குப் போட்டால் புரதம் மாட்டுக்குத்தான். கடைந்து சோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள். அரிசியில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கொள்ளு ஈடுகட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

வைட்டமின் சி நாளுக்கு ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 இருப்பதால் பாதிப் பழமே தாங்கும். எலுமிச்சையை அடுப்பை அணைத்து, சூடு தணிந்தபின் பிழியுங்கள். வெயிலில் காய்ந்த நெல்லி வற்றலை நம்ப வேண்டாம். சி பெரும்பகுதி போயிருக்கும். காப்பி, டீ இரண்டும் சாப்பாட்டோடு வேண்டாம், இரும்பு உட்கிரகிப்பதைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

ஆட்டுக்கால் சூப்பை ருசிக்குக் குடிக்கலாம். அதிலுள்ள ஜெலட்டின், அதாவது வெந்து கரைந்த கொலாஜன், நேராக முழங்காலுக்குப் போவதில்லை. வயிற்றில் உடைந்து மற்ற புரதத்தோடு புரதமாகிவிடும். கால்சியமும் அதில் சொற்பம். அதற்கு ராகிக் களியும் தயிரும் மேல்.

சேலம், தர்மபுரிப் பக்கம் போர்வெல் தண்ணீர் குடிப்பவர்கள் ஃபுளோரைடைச் சோதியுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டிய தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தால், எக்ஸ்ரேயில் அடர்த்தியாகத் தெரியும் எலும்பும் எளிதில் முறியலாம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடும். ஆர்.ஓ. வடிகட்டி உதவும்; தர்மபுரிப் பக்கம் ஒகேனக்கல் குடிநீரும் உண்டு.