சர்வர் எழுந்துவிட்டது, லாக் சங்கிலி அறுந்துவிட்டது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் படுத்து எழுந்ததும் முதல் தவறு அவசரத்தில்தான் நடக்கிறது. டேட்டாபேஸ் 'இன் ரெக்கவரி' என்று நிற்கும்போது அது சும்மா இல்லை. ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் லாக்கைப் படித்து, கமிட் ஆன (உறுதியான) டிரான்சாக்‌ஷன்களை டேட்டா ஃபைலில் ஏற்றி, பாதியில் நின்றவற்றை ரோல்பேக் செய்து, அதாவது பழைய நிலைக்குத் திருப்பிக்கொண்டிருக்கிறது. எத்தனை சதவீதம் முடிந்தது, இன்னும் எவ்வளவு நேரம் என்பது எரர் லாக்கில் வந்துகொண்டே இருக்கும். அதைப் பார்க்காமல் மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் வேலை முதலிலிருந்து தொடங்கும். மூன்று மணி நேரம் ஓடிய அப்டேட் அறுந்திருந்தால் ரோல்பேக்குக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகலாம். 2019 பதிப்பில் வந்த, ரெக்கவரியை விரைவாக்கும் ஏடிஆர் வசதியை முன்பே இயக்கி வைத்தவர்களுக்கு மட்டும் இந்தத் தவிப்பு குறைவு.

'சஸ்பெக்ட்' (ரெக்கவரியை முடிக்க முடியவில்லை) என்று வந்தால் டேட்டாபேஸை டிடாச் செய்யாதீர்கள், அதாவது சர்வரிலிருந்து கழற்றாதீர்கள். திரும்ப அட்டாச் ஆகாமல் போகலாம். "எல்டிஎஃப் (லாக்) ஃபைலை அழித்தால் புதிதாக வந்துவிடும்" என்ற யோசனை அதைவிட ஆபத்து. டேட்டா ஃபைல் கெட்டு லாக் மட்டும் பிழைத்திருந்தால், ரீஸ்டோரைத் தொடங்கும் முன் 'நோ_ட்ரங்கேட்' சேர்த்து டெயில் லாக் பேக்கப் (இன்னும் பேக்கப் ஆகாத லாக்கின் கடைசிப் பகுதி) எடுக்க வேண்டும். கடைசி லாக் பேக்கப் 1:45-க்கு, விழுந்தது 1:58-க்கு என்றால் அந்த 13 நிமிட வேலை இதற்குள்தான் இருக்கிறது. ஒரு விதிவிலக்கு: பல்க்-லாக்டு மாடலில் (மொத்தமாக ஏற்றும் டேட்டாவை லாக்கில் சுருக்கமாகவே பதியும் அமைப்பு) அந்த இடைவெளிக்குள் பல்க் லோடு நடந்து, டேட்டா ஃபைலும் போயிருந்தால் இந்த வழி உதவாது.

ரீஸ்டோர் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஃபுல் பேக்கப், கடைசி டிஃப்பரென்ஷியல் (ஃபுல்லுக்குப் பின் மாறியவை மட்டும்), அதற்குப் பிந்தைய லாக்குகள், டெயில். கடைசியைத் தவிர எல்லாவற்றிலும் 'நோரெக்கவரி' என்று நாமே எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் 'ரெக்கவரி' என்றே அது எடுத்துக்கொள்ளும். டேட்டாபேஸ் திறந்துவிடும், அடுத்த லாக் ஏறாது, ஃபுல்லிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இனி, பலரும் கவனிக்காத இடம். லாக் நிரம்பி 9002 பிழை வருகிறது. யாரோ ரெக்கவரி மாடலை (லாக்கை எப்படிப் பராமரிப்பது என்ற அமைப்பு) லாக் பேக்கப் இல்லாத 'சிம்பிள்' ஆக்கி, லாக் ஃபைலை ஷ்ரிங்க் செய்து (சுருக்கி), திரும்ப 'ஃபுல்' ஆக்கிவிடுகிறார். திரையில் 'ஃபுல்' என்றே தெரியும். ஆனால் ஒரு ஃபுல் அல்லது டிஃப்பரென்ஷியல் பேக்கப் எடுக்கும்வரை அது சிம்பிளாகவே நடந்துகொள்ளும்: லாக் தானாகக் காலியாகும், டிஸ்க்கும் நிரம்பாது. லாக் பேக்கப் ஜாப் மட்டும் 4214 பிழையோடு ஒவ்வொரு முறையும் தோற்கும். அந்தச் சிவப்புக் குறியை யாரும் பார்க்காவிட்டால், அடுத்த விபத்தில்தான் லாக் சங்கிலி (இடைவெளியின்றித் தொடரும் லாக் பேக்கப் வரிசை) இல்லாதது தெரியவரும். அதனால் மாடலை மாற்றிய கையோடு பேக்கப் எடுங்கள். அதற்கும் முன், சிஸ்.டேட்டாபேஸஸில், லாக் காலியாகாததற்குக் காரணம் காட்டும் 'லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க்' என்ன சொல்கிறது என்று பாருங்கள். 'லாக்_பேக்கப்' என்றால் லாக் பேக்கப் எடுத்தாலே போதும். 'ஆக்டிவ்_டிரான்சாக்‌ஷன்' என்றால் சிம்பிளுக்கு மாற்றியும் பயனில்லை. திறந்து கிடக்கும் டிரான்சாக்‌ஷனைத்தான் தேட வேண்டும்.

தினமும் ஃபுல் பேக்கப் எடுப்பதால் லாக் காலியாகும் என்பதும் தவறான நம்பிக்கை. ஃபுல் மாடலில் அதைக் காலி செய்வது லாக் பேக்கப் மட்டுமே. ஒரு நாள் டேட்டா போனாலும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தால் சிம்பிளே நேர்மையான தேர்வு. லாக் பேக்கப் இல்லாத ஃபுல் மாடல் டிஸ்க்கைத் தின்பதற்குத்தான் உதவும்.

சோதனைக்காக நடுவில் எடுக்கும் ஃபுல் பேக்கப்புக்கு 'காப்பி_ஒன்லி' போடுங்கள். போடாவிட்டால் லாக் சங்கிலி அறுந்துவிடாது, ஆனால் அடுத்த டிஃப்பரென்ஷியல்கள் அந்த ஃபைலை அடிப்படையாகக் கொள்ளும். அதை வேலை முடிந்ததென்று அழித்துவிட்டால் அவை வெறும் இடத்தை அடைக்கும்.

பேக்கப் ஃபைலைச் சோதிக்கும் 'வெரிஃபைஒன்லி' தேறியதால் பேக்கப் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். டேட்டாபேஸுக்குள் பழுது இருக்கிறதா என்று அது சோதிப்பதில்லை. பேக்கப்பில் 'செக்சம்' சேர்த்து, வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து, பழுதைக் கண்டுபிடிக்கும் 'டிபிசிசி செக்டிபி' ஓட்டிப் பாருங்கள். லாகின்கள் மாஸ்டர் என்ற சிஸ்டம் டேட்டாபேஸிலும் ஜாப்கள் எம்எஸ்டிபி என்ற சிஸ்டம் டேட்டாபேஸிலும் இருக்கின்றன. அந்த இரண்டின் பேக்கப்பும் வேறு டிஸ்க்கில் இருக்க வேண்டும்.